கடையை மூடு, கடையைத் திற: நடுவில் விட்டுப்போன மூன்றாம் நாள்

இந்தக் குறிப்பை ரொம்ப நாளாக எழுதாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். காரணம் என் மாமா.

அம்மாவின் தம்பி. விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம், கொத்தனார் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் தினமும் குடித்தவர். சாயந்திரம் ஒரு குவாட்டர் என்று ஆரம்பித்தது. கடைசி சில வருஷங்களில், காலையில் கை நடுக்கம் நிற்பதற்கே ஒரு கட்டிங் வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஒரு ஆடி மாசம் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். கோயிலில் சத்தியம் வாங்கி, கையில் கயிறு கட்டி, அறையில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டச் சொன்னதே மாமாதான். "நானே கெஞ்சினாலும் திறக்காதீங்க" என்றாராம்.

முதல் நாள் வியர்வை, நடுக்கம், வாந்தி. இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு. கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். மூன்றாம் நாள் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். அத்தையையே யார் என்று கேட்டார். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று ஒருத்தர் சொன்னார். அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துவிட்டார்.

"குடிச்சே செத்தான்" என்று ஊர் சொன்னது. நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் விளங்கியது. அவர் இறந்தது மருத்துவ உதவி இல்லாமல் குடியைத் திடீரென்று நிறுத்தியதால். நீண்ட நாள் தினமும் குடித்த உடம்பில், கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற புத்தி பேதலிப்பு வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். கவனித்தால் பெரும்பாலும் பிழைக்க வைக்கலாம். மருந்து புதிதும் இல்லை, விலை அதிகமும் இல்லை.

இதை எங்கள் வீட்டில் யாரும் அறிந்திருக்கவில்லை. அது ஏன் எங்களை வந்து சேரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

இரண்டே வசனம்

தமிழ்நாட்டில் குடியைப் பற்றிப் பேச நம்மிடம் இரண்டே வசனம் இருக்கிறது. ஒன்று, கடையை மூடு. இன்னொன்று, மூடினால் கள்ளச்சாராயம் ஓடும்.

இந்த வாதத்துக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971-ல் கருணாநிதி ஆட்சியில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது, 1974-ல் அவர் ஆட்சியிலேயே மறுபடி பூட்டு. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறப்பு. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2016-ல் ஜெயலலிதா 500 கடைகளை மூடினார், 2017-ல் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500, 2023 ஜூனில் ஸ்டாலின் அரசு இன்னொரு 500. நடுவில், 2015 ஜூலையில், காந்தியவாதி சசிபெருமாள் குமரி மாவட்டத்தில் ஒரு கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரையே விட்டார்.

மூடச் சொல்கிறவர்களை நான் கேலி செய்யவில்லை. அதில் பெரும்பாலோர் பெண்கள். சனிக்கிழமை சம்பளம் வீட்டுக்கு வந்து சேருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். கடைகளின் எண்ணிக்கை, விற்பனை நேரம் இவற்றைக் குறைத்தால் தீங்கு குறையும் என்பதற்கு உலகம் முழுக்க ஆதாரமும் இருக்கிறது. எதிர்த்தரப்பு சொல்லும் கள்ளச்சாராய பயமும் கற்பனை இல்லை.

என் விமர்சனம் வேறு. இரண்டு தரப்பும் ஒரே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன: கடையின் ஷட்டரை. அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. குடியால் வரும் சேதம் நடப்பதோ வீட்டில், ரோட்டில், கல்லீரலில், பூட்டிய அறையில். அங்கே என்ன செய்வது என்று கேட்டால் இரண்டு தரப்பிடமும் பதில் இல்லை.

மூன்று சம்பவங்கள்

வெறும் கருத்தாகச் சொன்னால் போதாது. நமக்கு நன்றாகத் தெரிந்த மூன்று சம்பவங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நெடுஞ்சாலைத் தீர்ப்பு. குடித்துவிட்டு வண்டி ஓட்டி நடக்கும் சாவுகளைக் குறைக்க, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல நோக்கம். ஆனால் 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்ததும் கடைகள் ஊருக்குள் நகர ஆரம்பித்தன. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய ஒரு பெண்ணை போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே டிவியில் பார்த்தது. ரோட்டில் இருந்த தீங்கை எடுத்து வீட்டு வாசலில் வைத்தது போல ஆனது. எந்தத் தெருவுக்கு வரலாம், வரக்கூடாது என்று அந்தத் தெருவில் இருப்பவர்களை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது, 2020 ஊரடங்கு. மார்ச் கடைசியில் எல்லாக் கடையும் ஒரே நாளில் மூடியது. மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் மதுவிலக்கு. யாரும் திட்டமிடாத சோதனை. கடை மூடியதால் நிம்மதியாகத் தூங்கிய வீடுகள் நிறைய. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் என் மாமாவைப் போன்றவர்களுக்கு அது மூன்றாம் நாள் கணக்கு. ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் ஷேவிங் லோஷனைக் குடித்த மீனவர்கள் இறந்தார்கள். மே 7-ம் தேதி கடைகள் திறந்ததும் கிலோமீட்டர் கணக்கில் நீண்ட வரிசையைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம், மீம் போட்டோம். அந்த வரிசையில் எத்தனை பேர் ஆசைக்கு நின்றார்கள், எத்தனை பேர் கை நடுக்கத்துக்கு நின்றார்கள் என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை. கடையை மூடும் அறிவிப்போடு, "தினமும் குடித்தவருக்கு இந்த அறிகுறி வந்தால் உடனே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள்" என்று ஒரு வரி தெருத்தெருவாகச் சொல்லப்பட்டிருந்தால் எவ்வளவு வித்தியாசம்!

மூன்றாவது, கள்ளக்குறிச்சி. 2024 ஜூன், கருணாபுரம். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் போனதும் கொல்வதில்லை. கல்லீரல் அதை உடைத்து ஃபார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் கண் பார்வை போகிறது, மூச்சுத் திணறுகிறது. அதற்கு 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் மாற்று மருந்து கொடுத்து, டயாலிசிஸ் செய்து காப்பாற்ற வாய்ப்பு அதிகம். அப்படியானால் அங்கே உயிர் காக்கும் பொருள் செய்திதான். ஆனால் முதலில் நடந்த சாவுகளுக்குச் சாராயம் காரணமில்லை என்ற பேச்சு நிர்வாகத் தரப்பிலிருந்தே வந்தது. முதல் துக்க வீட்டுக்கு வந்தவர்களும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. பிறகு மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார், எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார், ஆயுள் தண்டனை வரை போகும்படி சட்டம் திருத்தப்பட்டது. எல்லாம் விற்றவனையும் அதிகாரியையும் பற்றிய நடவடிக்கை. குடித்தவனுக்கு முதல் ராத்திரி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது பற்றி ஏதாவது மாறியதா?

நிவாரணமாகப் பத்து லட்சம் அறிவித்தபோது எழுந்த கோபம் ஞாபகம் இருக்கிறதா? "சாராயம் குடிச்சு செத்தவனுக்குப் பத்து லட்சமா?" தொகை சரியா தப்பா என்பது தனி விவாதம். அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது: குடித்தவன் சாவது அவன் பாடு. இந்தத் தீர்ப்பு இருக்கிற வரைக்கும் செய்தி தெருவுக்குப் போகாது.

விழிப்புணர்வு என்ற சடங்கு

"அதான் விழிப்புணர்வு செய்யறாங்களே" என்று கேட்கலாம். ஜூன் 26 சர்வதேச போதைப்பொருள் எதிர்ப்பு தினம். வெயிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதாகை பிடித்து நடப்பார்கள். உறுதிமொழி எடுப்பார்கள். மறுநாள் பேப்பரில் படம் வரும். மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு என்ற வாசகத்தை பாட்டிலிலும் பார்க்கிறோம், சினிமாவிலும் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் குடிக்கிற யாருக்காவது அது கேடு என்று தெரியாமல் இருக்கிறதா?

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சேஃபர் என்ற பெயரில் ஐந்து நடவடிக்கைகளைப் பரிந்துரைத்தது. மது எளிதாகக் கிடைப்பதைக் கட்டுப்படுத்துவது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுப்பது, கண்டறிதலும் சிறு ஆலோசனையும் சிகிச்சையும் எளிதில் கிடைக்கச் செய்வது, விளம்பரத் தடை, விலையேற்றம். பட்டியலில் ஊர்வலம் இல்லை. நாம் அதிகம் செய்வது அந்த ஐந்தில் இல்லாததை.

தெரியவேண்டியதையாவது சொல்கிறோமா? ஒரு குவாட்டர் 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று கணக்கிடுகிறது. அப்படிப் பார்த்தால், "ஒரு குவாட்டர்தான் சார், அளவா குடிப்பேன்" என்று சொல்பவர் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறார். இந்தக் கணக்கு நம் ஊர் விழிப்புணர்வு எதிலும் என் கண்ணில் பட்டதில்லை. 2023-ல் 90 மில்லி பாக்கெட் பற்றித் துறை அமைச்சர் பேசியபோது பெரிய எதிர்ப்பு. எதிர்ப்பில் நியாயம் உண்டு, விலை குறைந்தால் புதிதாக ஆள் சேருவார்கள். ஆனால் சிறிய அளவு தீங்கைக் குறைக்குமா கூட்டுமா என்ற கேள்வியே எழாமல் நக்கலோடு முடிந்தது.

உண்மையான தகவல் இல்லாத இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. பஸ் ஸ்டாண்ட் சுவரில், "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்ற மாதிரி விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டில் கலக்கும் பொடி. அதில் டைசல்ஃபிராம் மாதிரி மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால், முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் அதைக் கொடுப்பதென்றால் நோயாளிக்குச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். வாங்குகிற பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்களிடம் வேறு யாரும் வந்து பேசவில்லை.

எய்ட்ஸ் காலத்தில் வேறு மாதிரி பேசினோம்

இதெல்லாம் மேல்நாட்டு யோசனை, நம் சமூகத்துக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் சுனிதி சாலமன் குழுவால் கண்டறியப்பட்டன. 1994-ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. அப்போதும் "ஒழுக்கமா இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். செய்யவில்லை. ஆணுறையைப் பற்றி வெளிப்படையாகப் பேசினோம். லாரி டிரைவர்களிடமும், பாலியல் தொழிலாளர்களிடமும், ஊசியில் போதை ஏற்றுபவர்களிடமும் ஆட்கள் போய்ப் பேசினார்கள். புள்ளிராஜா விளம்பரம் ஊர் பூரா ஒட்டப்பட்டது. பலர் முகம் சுளித்தார்கள், சில விமர்சனங்களில் நியாயமும் இருந்தது. ஆனாலும் வேலை நடந்தது. தீங்கு குறைப்பு என்ற சிந்தனை நம் மண்ணில் ஏற்கெனவே ஓடிய வண்டி.

இன்றைக்கு வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்களைப் பற்றிச் செய்தி வருகிறது. அங்கேயும் கைது எண்ணிக்கைதான் தலைப்பு. ஒரே ஊசியை நாலு பேர் பகிர்ந்துகொண்டால் ஹெபடைடிஸ் சி வரும் என்பதை அந்தப் பையன்களிடம் போய் யார் சொல்கிறார்கள்?

"அப்போ குடிக்கச் சொல்றீங்களா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஹெல்மெட் போடச் சொல்வது விழச் சொல்வதாகாது. குடியை விடுவதுதான் பலருக்கு ஒரே வழி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விடுகிற நாள் வரைக்கும் ஆள் உயிரோடு இருக்க வேண்டும். விடுகிற அந்த வாரத்திலும் உயிரோடு இருக்க வேண்டும்.

கடினமான எதிர்வாதம் வேறொன்று. விற்கிறதே அரசு. 2023-24-ல் டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் சுமார் 45,800 கோடி. விற்பவரே தீங்கைக் குறைக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? இதற்கு என்னிடம் அழகான பதில் இல்லை. அந்தச் சந்தேகம் நியாயமானது. அதனால்தான் இந்த வேலையின் ஒரு பகுதியாவது சென்னைக் கோட்டையிலிருந்து இறங்கி தெருவுக்கு வரவேண்டும் என்கிறேன்.

முடியுமா? கோவாவில் செய்து பார்த்திருக்கிறார்கள். பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், டாக்டர் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள், தீங்கு வரும் அளவில் குடிக்கும் ஆண்களிடம் அதிகபட்சம் நாலு தடவை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில், பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேரும், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26 சதவீதம் பேரும் ஆபத்தான அளவிலிருந்து இறங்கியிருந்தார்கள். 2017-ல் லான்செட்டில் வந்த ஆய்வு. பத்து சதவீத வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் செலவைப் பாருங்கள்: ஒரு நாற்காலி, நாலு பேச்சு. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் செய்து 2019-ல் வெளியான கணக்கெடுப்போ, மதுவுக்கு அடிமையானவர்களில் 38-ல் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்கிறது. மீதி 37 பேரும் எங்கள் வீட்டு அறை மாதிரி ஏதோ ஓர் அறையில் இருக்கிறார்கள்.

ஒரு தெரு என்ன செய்யலாம்

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. தெரிந்தவரை எழுதுகிறேன்.

ஒன்று, எண்ணுவது. போன வருஷம் நம் தெருவில் குடியோடு தொடர்புடைய சாவு, விபத்து, அடிதடி, பள்ளியை விட்ட பிள்ளை எத்தனை? எங்கே, எந்த நேரத்தில்? கிராம சபையில் "கடையை மூடு" என்று தீர்மானம் போடும்போது இந்தக் கணக்கும் கூடவே இருந்தால் அதன் கனமே வேறு.

இரண்டு, நிறுத்துகிறவருக்குத் துணை. தினமும் குடிப்பவர், அதுவும் காலையிலேயே கை நடுங்குபவர், வீட்டில் தானாக நிறுத்தக்கூடாது. டாக்டரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்த வேண்டும். முன்பு வலிப்பு வந்தவராக இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். வலிப்பு, குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது - இதில் ஒன்று வந்தாலும் 108. மாலை போடுவதும் கயிறு கட்டுவதும் மனசுக்குத் தெம்பு தரும், தாராளமாகச் செய்யட்டும். கயிறு கட்டுகிற இடத்திலேயே இந்த நாலு வரியையும் சொல்லி அனுப்பலாம்.

மூன்று, கேட்பது. பிரஷரும் சுகரும் பார்க்க மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து வீடு தேடி வருகிறது. ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவம் உலக சுகாதார நிறுவனத்திடம் இருக்கிறது. திட்டாமல் கேட்டு, ஐந்து நிமிஷம் பேச அதே ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தால், குடிநோய் முற்றுவதற்கு முன்பே ஆளைப் பிடித்துவிடலாம்.

நான்கு, வீட்டில் இருப்பவர்கள். அவர் குடியை விடுகிறாரோ இல்லையோ, அடி வாங்காமல் இருக்க அத்தைகளுக்கு வழி வேண்டும். பெண்கள் உதவி எண் 181. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. காட்டிக்கொடுக்கும் எண் ஒட்டியிருக்கிற சுவரில் உதவி எண்ணையும் ஒட்டலாமே.

அத்தை கேட்டது

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது, வாய் சும்மா இருக்காமல், அந்த மூன்று நாளில் உடம்புக்குள் என்ன நடந்தது என்று அத்தையிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ பூட்டி வெச்சு நாங்கதான் சாகடிச்சுட்டோமா தம்பி?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. படித்ததைச் சொல்லும் அவசரத்தில், அது யார் காதில் போய் விழும் என்று யோசிக்கவே இல்லை. அன்று சொல்லத் தெரியாததை இப்போது எழுதிவிடுகிறேன். இல்லை அத்தை. நீங்கள் எல்லோரும் சொன்னதைத்தான் செய்தீர்கள். குடியை நிறுத்து என்று சுவர் சொன்னது, பள்ளிக்கூடம் சொன்னது, கோயில் சொன்னது, சினிமா சொன்னது. நிறுத்தினால் மூன்றாம் நாள் என்ன ஆகும் என்று ஒருத்தர்கூட உங்களிடம் சொல்லவில்லை.

போன மாசம் அந்த நாலு வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஊர் டீக்கடையில் ஒட்டக் கொடுத்தேன். கடைக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "நிறுத்தச் சொல்றியா, நிறுத்த வேணாங்கிறியா?" என்று கேட்டார். "டாக்டரைப் பார்த்துட்டு நிறுத்தச் சொல்றேண்ணே" என்றேன். தலையை ஆட்டிவிட்டு பாய்லருக்குப் பக்கத்தில் ஒட்டினார். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து வந்து முழுசாகப் படித்தார். டம்ளர் பிடித்திருந்த அவர் கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.